திருப்பி விட்ட போன்

“எனக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்னங்க தெரியும்?” அப்படின்னாரு சாமி. “கேக்கறதைக் கேட்டுட்டீங்க. பதில் சொல்ற ஆளு நான் இல்லியே.”

“நீங்க சொன்னாச் சரியா இருக்குமுங்க சாமி. குடுத்தறலாமா, வேண்டாமா. ஒரு வார்த்தை போதும்.” இது சென்னியப்பன்.

“யாருக்குக் குடுக்கறது?”

“சென்னைக் கம்பெனிக்குங்க. நம்ம குஞ்சுப் பண்ணையில கம்ப்யூட்டர் எதாவது மக்கர் பண்ணினா இனிமே அவங்க பாத்துக்குவாங்க. போன்லயே சரி பண்ணிருவாங்களாம். ஞாயித்துக்கெழமைகூடக் கூப்பிடலாமாம்.”

“நல்லதுதானே.”

“நல்லதுதானுங்க. ஆனா நடுவுல வேந்தன் இருக்கறானே.”

சாமி, சென்னியப்பன், சாமிக்குக் கூடமாட வேலை பாக்கற நான், மூணு பேரும் ஆசிரமத்துச் சமையக்கட்டுக்கு வெளிய பாய் போட்டு உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தோம். எவ்வளவு பெரிய ஆளு வந்தாலும் கையில ஒரு கொத்துக் கீரையக் குடுத்துட்டுத்தான் சாமி பேச ஆரம்பிப்பாரு. கை சும்மா இருந்தா வாய் பொய் சொல்லும்ங்கறது அவரு நெனப்பு. மத்தியானம் பந்திக்குக் கீரை வேணும்ங்கறதும் ஒரு காரணம்.

சென்னியப்பனுக்கு அறுபது தாண்டிருச்சு. நாமக்கல் பக்கத்துல குஞ்சு பொரிக்கற பண்ணை வெச்சிருக்காரு. தெனமும் விடிஞ்சா வண்டி வண்டியாக் கோழிக்குஞ்சு வெளிய போகும். சாமி அவரைவிடப் பதினஞ்சு வயசு சின்னவரு. முன்னாடி லாரி ஆபீஸ்ல புக்கிங் கிளார்க்கா இருந்தவரு. அதனாலயோ என்னமோ, ஞானம் கேட்டு வர்றவங்ககிட்டயும் சரக்கு எங்க எறக்கணும்னு கேக்கற மாதிரிதான் பேசுவாரு.

“வேந்தன் யாருங்க?” அப்படின்னாரு சாமி.

“கார்வேந்தன். நம்ம ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கற பையனுங்க.”

“என்ன வயசு?”

“நாப்பது ஆகப் போகுதுங்க.”

“பையன். சரி.”

“பதினாலு வருசமா இருக்கறானுங்க. வீட்டுப் புள்ள மாதிரி. கொஞ்சம் மூக்கு மேல கோவம் வரும். வேலையில சுத்தம். ஆனா எம் மக அமுதினி சொல்றதும் நாயமாத்தான் இருக்குது. ஒரு பண்ணையே ஒரு ஆளை நம்பி நிக்கக் கூடாது, அவன் காய்ச்சல்னு படுத்தா நம்மளும் படுத்துருவோம்ங்கறா. போன ஆயுத பூஜைக்கு அப்படித்தான் ஆச்சு. பூசை நடக்கறப்பவே சர்வர் நின்னு போச்சுங்க. ரெண்டு நாளு ஒரு ஆர்டர் எடுக்க முடியலை. என்னடான்னு கேட்டா, என் தப்புதானுங்கய்யான்னு சொல்லிட்டான். அன்னைக்கே மக முடிவு பண்ணிட்டா.”

“அப்புறம் என்ன?”

“இன்னைக்குச் சாயங்காலம் சென்னைக்காரங்க வர்றாங்க. கையெழுத்துப் போட்டா வேந்தனை வீட்டுக்கு அனுப்பணும். போடலைன்னா மக எங்கூடப் பேச மாட்டா. நாளைக்கு மறுபடி சர்வர் நின்னா ஊரே சிரிக்கும். தூக்கமே வர மாட்டேங்குது சாமி.”

சாமி ஒரு பழுத்த எலையத் தனியா எடுத்துப் போட்டாரு.

“அதாவது, வேலையச் சென்னைக்குக் குடுக்கலாமாங்கற முடிவை எங்கிட்டக் குடுக்கறீங்க.”

“ஆமாங்க.”

“சென்னைக்காரன் காசு கேப்பான். நான் கீரைதான் கேக்கறேன். எடம் பாத்துத்தான் வந்திருக்கீங்க.”

சென்னியப்பன் சிரிச்சாரு.

கொஞ்ச நேரம் கழிச்சுச் சாமி கேட்டாரு. “உங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் நின்னா இப்ப யாரைக் கூப்பிடுவாங்க?”

“வேந்தனை. அவன் செல்லுக்குத்தான்.”

“அவருக்கு வர்ற போனெல்லாம் மத்தியானம் வரைக்கும் உங்க போனுக்கு வர்ற மாதிரி பண்ண முடியுமா?”

“பண்ணலாமுங்க. எதுக்கு?”

“பண்ணுங்க.”

“எனக்குக் கம்ப்யூட்டரைத் தொறக்கவே தெரியாதுங்களே சாமி!”

“எனக்கும்தான் தெரியாது. என்னைக் கேக்கலியா நீங்க?”

ஆசிரமத்துக்குள்ள செல்போன் கூடாது. வாசல்ல ஒரு கூடை இருக்கும், அதுல போட்டுட்டுத்தான் உள்ள வரணும். என்னைப் போயி எடுத்துட்டு வரச் சொன்னாரு. நான் எடுத்துட்டு வர்றதைச் சமையக்கட்டு வாசல்ல நின்னு ராசாமணியம்மா பாத்துட்டாங்க. அடுப்படிக்கு அவங்கதான் ராணி. சாமியே அவங்களுக்குக் கொஞ்சம் பயப்படுவாரு.

“உள்ள போன் வரக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாருங்க சாமி?”

“நாந்தான்.”

“இது என்னங்க?”

“இது போன் இல்லம்மா. இவரோட பண்ணை.”

“பண்ணையோ கிண்ணையோ. கீரை சீக்கிரம் வரணும், ஆமா.” உள்ள போயிட்டாங்க.

சென்னியப்பன் எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவாரு. அதனால எங்களுக்கு எல்லாமே கேட்டுச்சு.

“வேந்தா, உம் போனுக்கு வர்றதை எல்லாம் என் போனுக்குத் திருப்பி விட்டுரு.”

“ஏனுங்கய்யா?”

“சாமி சொல்றாரு.”

“எவ்வளவு நேரத்துக்குங்க?”

“மத்தியானம் வரைக்கும்.”

“சாயங்காலம் வரைக்கும்கூட வெச்சுக்கங்கய்யா,” அப்படின்னு வெச்சுட்டான்.

சாமி ஒரே ஒரு விதிதான் சொன்னாரு. “யாருன்னு கேட்டா உண்மையச் சொல்லிருங்க. கேக்கலைன்னா நீங்களாச் சொல்ல வேண்டாம்.”

மொத போன் ஒடனே வந்துச்சு. ஒரு பொம்பளைக் குரல்.

“வேந்தா, சுகந்தி. பிரிண்டர் மறுபடி பேப்பரைத் தின்னுருச்சு.”

“அக்கவுண்ட்ஸ் புள்ள,” அப்படின்னு சென்னியப்பன் எங்ககிட்ட மெதுவாச் சொன்னாரு. அவருக்கு அன்னைக்குத் தொண்டை வேற கட்டி, கொரலே ஆளு தெரியாம மாறியிருந்துச்சு. போன்கிட்டக் குனிஞ்சு, “ம்,” அப்படின்னாரு.

“என்ன ம்? எந்திரிச்சு வா. அய்யா வந்ததும் ரிப்போர்ட் கேப்பாரு. ஸ்கிரீன்ல காட்டினா ஆகாதே அவருக்கு, பேப்பர்லதானே வேணும். புது பிரிண்டர் இன்னொருக்காக் கேளுன்னா உனக்கும் தைரியமில்ல, எனக்கும் தைரியமில்ல.”

“அய்யா... இன்னைக்கு வர மாட்டாரு.”

“நெசமாவா? அப்பாடா! அப்ப ஒண்ணும் அவசரமில்ல. சாயங்காலமா வா.”

போன் கட்டாயிருச்சு.

“பிரிண்டர் சரியாயிருச்சா?” அப்படின்னாரு சாமி.

“பிரிண்டர் அப்படியேதாங்க இருக்குது. அவசரம் மட்டும் போயிருச்சு.”

“எப்படி?”

“நான் வரலைன்னு சொன்னதும்.”

சாமி இன்னொரு கொத்தை எடுத்து அவரு முன்னாடி வெச்சாரு.

அடுத்தது தீவன குடோன்ல இருந்து. ஒரு ஆம்பளைக் குரல், அவசரமே இல்லாத குரல்.

“வேந்தண்ணா, நெட்டு வர்றதில்லை.”

“எப்ப இருந்து?”

“நேத்துப் புள்ளையார் படம் மாட்டினோமில்ல, அதுல இருந்து.”

“படத்துக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஆணி வயரு மேலயே எறங்கிருச்சுண்ணா.”

“எவன்டா அந்த எடத்துல மாட்டச் சொன்னவன்?”

“அய்யாதான். கன்னிமூலையிலதான் இருக்கணும்னு கையக் காட்டிட்டுப் போயிட்டாரு. அந்த மூலையிலதான் சுவத்துக்குள்ள வயரு போகுதுன்னு நீ எங்ககிட்டச் சொல்லியிருக்கற. அவருகிட்ட யாரு சொல்றது?”

சென்னியப்பன் போனைப் பாத்தாரு. போன்ல ஒண்ணும் தெரியலை.

“ஆணியப் புடுங்கட்டுமாண்ணா?”

“புடுங்கு.”

“படம்?”

“வேற செவுத்துல மாட்டு.”

“அய்யா கேட்டா?”

“கேக்க மாட்டாரு. நான் பாத்துக்கறேன்.”

“நீ தெய்வம்ணா,” அப்படின்னு வெச்சுட்டான்.

“கீரை உருவ வந்த எடத்துல தெய்வமே ஆயிட்டீங்க,” அப்படின்னாரு சாமி.

“இதுல கம்ப்யூட்டர் எங்க சாமி இருக்குது?”

“தெரியலீங்க. அடுத்த போன்ல வரும்.”

அடுத்த போன்லயும் வரலை. அது குஞ்சுக்கு ஊசி போடற ரூம்ல இருந்து ஒரு பொண்ணு.

“வேந்தண்ணா, அய்யா இன்னைக்கு எப்படி இருக்காரு?”

“எப்படின்னா?”

“நல்லா இருக்காரா, எரிஞ்சு விழறாரா? லீவு கேக்கணும்ணா. தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்றாங்க. எப்பக் கேட்டாக் கெடைக்கும்னு நீதானே எல்லாருக்கும் சொல்லுவ.”

சென்னியப்பன் எங்க மொகத்தைப் பாக்கவே இல்லை. கீரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

“லீவு குடுத்தாச்சும்மா. போயிட்டு வா.”

அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு. “அட! லீவு குடுக்கறதுக்கு நீ யாருண்ணா?”

சென்னியப்பன் சாமியப் பாத்தாரு. சாமி, “கேட்டுருச்சே,” அப்படின்னாரு.

“நான்... சென்னியப்பன் பேசறேம்மா.”

போன் கட்டான வேகத்துல அந்தப் பக்கம் செல்லு கீழ விழுந்திருக்கும்னு நெனைக்கறேன்.

அதுக்கப்புறம் போனே வரலை. ராசாமணியம்மா வந்து கீரை முறத்தைத் தூக்கிட்டுப் போனாங்க. போறப்ப வாழையெலைக் கட்டையும் ஈரத்துணியையும் பாய் மேல வெச்சுட்டுப் போனாங்க. நாங்க எலை தொடைக்க ஆரம்பிச்சோம். வெயிலு தென்னமரத்து நெழலத் தாண்டிப் பாய்க்கு வந்துருச்சு. சாமி பாயக் கொஞ்சம் உள்ள இழுத்துப் போட்டாரு.

போன் சும்மாவே கெடந்துச்சு.

“எல்லாக் கம்ப்யூட்டரும் சரியாயிருச்சு போலிருக்கே,” அப்படின்னாரு சாமி.

சென்னியப்பன் சிரிக்கலை. “இவ்வளவு நேரம் ஒரு போனும் வராம இருக்காதுங்க. ஒரு நாளைக்கு அவனுக்கு எத்தனை போன் வரும்னு பாத்திருக்கறேன். சாப்படறப்பகூடத் தோள்ல போனை இடுக்கிக்கிட்டுத்தான் சாப்படுவான்.”

“அப்ப ஏன் வரலை?”

“அந்தப் பொண்ணு போயி ஆபீஸ் பூராச் சொல்லியிருக்கும்.”

“என்னன்னு?”

“நாந்தான் எடுக்கறேன்னு.”

சொல்லி முடிக்கறதுக்குள்ள போன் அடிச்சுச்சு. ரெண்டாவது மணிக்கே எடுத்துட்டாரு. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அதுக்குப் பின்னால, தூரத்துல, கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம். நெறையக் குஞ்சுங்க ஒண்ணாக் கத்தற சத்தம்.

“யாரு?”

“அய்யா... பூபதிங்கய்யா. லோடிங்ல இருந்து.”

“சொல்லு.”

“ஒண்ணுமில்லீங்கய்யா.”

“குஞ்சு கத்தறது எனக்குக் கேக்குது. என்னன்னு சொல்லு.”

“பில்லு வரலீங்கய்யா. கம்ப்யூட்டர் சுத்திக்கிட்டே இருக்குது. பில்லு இல்லாம வாட்ச்மேன் கேட்டைத் தொறக்க மாட்டேங்கறாரு. கம்ப்யூட்டர் பில்லு இல்லாம ஒரு வண்டியும் வெளிய போகக் கூடாதுன்னு நீங்க போட்ட உத்தரவுங்கய்யா. குஞ்சு ஏத்தின வண்டி கேட்டுகிட்ட வெயில்ல நிக்குது.”

சென்னியப்பன் எந்திரிச்சு நின்னுட்டாரு. மடியில இருந்த எலையெல்லாம் கீழ விழுந்துச்சு. பொரிச்சு ஒரு நாளே ஆன குஞ்சு வெயில்ல எவ்வளவு நேரம் தாங்கும்னு அவருக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?

“எவ்வளவு நேரமாடா நிக்குது?”

“கொஞ்ச நேரம் ஆச்சுங்கய்யா.”

“கொஞ்ச நேரமா! ஏன்டா அப்பவே கூப்பிடலை?”

பதில் குஞ்சுங்கதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

“கேக்கறேனில்ல?”

“நீங்கதான் எடுப்பீங்கன்னு சொன்னாங்கய்யா. யாரு கூப்பிடறதுன்னு... பேசிக்கிட்டு இருந்தோம்.”

சென்னியப்பன் கண்ணை மூடித் தொறந்தாரு. அப்புறம் கொரலை எறக்கிக் கேட்டாரு. “பூபதி, இதே மாதிரி முன்னாடி ஆனா வேந்தன் என்ன பண்ணுவான்?”

“கையில சலான் எழுதச் சொல்லுவாருங்க. வாட்ச்மேன்கிட்டப் போயி, அய்யா சொல்லிட்டாரு, தொறன்னு சொல்லுவாருங்க.”

“நான் சொன்னதே இல்லியேடா.”

“ஆமாங்கய்யா. அது எங்களுக்கும் தெரியும். வாட்ச்மேனுக்கும் தெரியும்.”

“இப்ப நான் சொல்றேன். சலான் எழுது. வாட்ச்மேன்கிட்டப் போனைக் குடு.”

செருப்புச் சத்தம், யாரோ கத்தற சத்தம், அப்புறம் ஒரு வயசான கொரலு, “அய்யா?”

“தொறய்யா.”

“பில்லு இல்லீங்களே...”

“நாந்தான் சொல்றேன். இனிமே வெயில்ல வண்டி நின்னா பில்லு கேக்காத. தொற.”

இரும்புக் கேட்டு இழுபடற சத்தம் கேட்டுச்சு. வண்டி உறுமுச்சு. கீச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு தூரமாப் போச்சு.

“பூபதி, குஞ்சுக்கு ஒண்ணும் ஆகலியே?”

“இல்லீங்கய்யா. தட்டைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் விட்டோம். எல்லாம் துருதுருன்னு இருக்குதுங்க. ஓடற வண்டியில காத்துப் பட்டாச் சரியாயிரும்.” அப்புறம், யாரும் கேக்காமலே, “டேங்க்ஸுங்கய்யா,” அப்படின்னான்.

சென்னியப்பன் தொப்புனு பாயில உக்காந்தாரு. சட்டை முதுகுப் பக்கம் நனைஞ்சிருந்துச்சு. நான் சொம்புல தண்ணி குடுத்தேன். பாதியக் குடிச்சாரு, மீதிய மூஞ்சியில ஊத்திக்கிட்டாரு.

“கம்ப்யூட்டர் வந்துருச்சு,” அப்படின்னாரு சாமி.

“வந்துச்சுங்க. ஆனா கம்ப்யூட்டரா வண்டிய நிறுத்துச்சு?”

சாமி ஒரு எலையத் திருப்பிப் போட்டுத் தொடைச்சாரு.

சென்னியப்பன் தானாவே வேந்தனைக் கூப்பிட்டாரு. நாலஞ்சு மணி அடிச்சப்புறம்தான் எடுத்தான். கொரலு கரகரன்னு இருந்துச்சு.

“என்னடா பண்ணிட்டு இருக்கற?”

“தூங்கிட்டேனுங்கய்யா. பார்க்கிங்ல, வேப்பமரத்துக்குக் கீழ. மன்னிச்சுக்கங்க. அதுக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சேன். சூடாவே குடிச்சேனுங்க.”

“வண்டி ஒண்ணு கேட்டுல நின்னுச்சு. தெரியுமா?”

அவன் பதறிட்டான். “எந்த வண்டிங்க? இதோ வர்றேன், ஒரு நிமிசம்...”

“போயிருச்சு, போயிருச்சு. உக்காரு. நான் தொறக்கச் சொல்லிட்டேன்.”

“நீங்களேவா?”

“நானேதான்.” சென்னியப்பன் போனை வாய்க்குப் பக்கத்துல கொண்டு போனாரு. “வேந்தா, ஆயுத பூஜை அன்னைக்கு என்னதான்டா ஆச்சு?”

“அது முடிஞ்சு போச்சுங்கய்யா.”

“சொல்லுடா.”

“சந்தனம் வெச்சீங்கல்லங்க.”

“ஆமா. எல்லா மிசினுக்கும்தான் வெச்சேன்.”

“சர்வருக்கு வட்டமா ஒரு எடத்துல பொட்டு வெச்சீங்க.”

“பொட்டு வெக்கத் தோதா இருந்துச்சு.”

“அது சுவிட்சுங்கய்யா. பொட்டு நல்லா நிக்கணும்னு அமுக்கிப் புடிச்சு வெச்சீங்க. அது பொட்டுனு அணைஞ்சு போச்சு. அணையக் கூடாத நேரத்துல அணைஞ்சதுல டிஸ்க் போயிருச்சுங்க. சந்தனத்தைச் சொரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எலையால வாய மூடிக்கிட்டேன். சாமி என்னைப் பாக்கலை. அவரு உதடும் நேரா இல்லை.

“ஏன்டா உன் தப்புன்னு சொன்ன?”

“அத்தனை பேரு சாமி கும்பிட்டு நிக்கறாங்க. கையில சந்தனக் கிண்ணத்தோட நீங்க நிக்கறீங்க. எப்படிங்கய்யா சொல்றது?”

சென்னியப்பன் பெருமூச்சு விட்டாரு. “சாயங்காலம் சென்னைக்காரங்க வர்றாங்க. தெரியுமில்ல?”

“தெரியாம என்னங்க? நாந்தானே அமுதினி மேடம்கிட்ட அவங்க நம்பரைக் குடுத்தேன்.”

“நீயா!”

“ஆமாங்கய்யா.”

“உன் வேலை போயிரும்டா கிறுக்கா!”

“எந்த வேலைங்கய்யா? பிரிண்டர்ல பேப்பர் புடுங்கறதும், பாஸ்வேர்டு மறந்தவங்களுக்கு ஞாபகப்படுத்தறதும்தானே? போகட்டுமே. பொரிக்கற மிசின்ல சூடு ஏறினா ஒடனே போனுக்குத் தகவல் வர்ற மாதிரி பண்ணணும்னு மூணு வருசமாச் சொல்லிட்டு இருக்கறேன். உக்காந்து செய்ய ஒரு மணி நேரம் விட மாட்டேங்கறாங்க. சாப்பிடறப்ப போன். எம் பையனைப் பள்ளிக்கூடத்துல விடறப்ப போன். கோயில்ல போன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னேனுங்கய்யா. பிரிண்டர் கேட்ட அன்னைக்கே இதையும் சொன்னேன். ரெண்டுக்கும் பாக்கலாம்னீங்க.”

சென்னியப்பன் கீழ விழுந்த எலைய ஒவ்வொண்ணா எடுத்தாரு. அப்புறம் வேந்தன்தான் கேட்டான். இந்தத் தடவை கொரல்ல கோவமும் இல்லை, கிண்டலும் இல்லை.

“என்னைப் போகச் சொல்றீங்களாங்கய்யா?”

“யாருடா சொன்னா? அப்படித்தான் பண்ணணுமோன்னு நெனைச்சு நான் தூங்காமக் கெடக்கறேன்.”

“நானும்தாங்க. சொல்லிருவீங்களோன்னு.”

“நீ இரு.”

“இருக்கறேனுங்கய்யா.”

“அந்தச் சூட்டு வேலையப் பாரு.”

“சரிங்கய்யா.” அவன் மூச்சு விட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு. “திருப்பி விட்டதை எடுத்துறட்டுங்களா? மத்தியானம் ஆயிருச்சு.”

“எடுத்துரு. எனக்குத் தாங்காது.”

போனைப் பாயில வெச்சுட்டு ரெண்டு கையாலயும் மொகத்தைத் தொடைச்சாரு. வந்தப்ப இருந்ததைவிடப் பத்து வயசு கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. காலை நீட்டி உக்காந்தாரு. சாமி முன்னாடி அவரு கால் நீட்டி நான் பாத்ததில்லை.

“சாமி, வேந்தன் விசயம் முடிஞ்சுது. மகளும் சென்னைதான் வேணும்ங்கறா. அப்பச் சென்னைக்காரங்களுக்குக் கையெழுத்துப் போட்டுறலாமுங்களா?”

“உங்க பேனா.”

“போட்டுருவேனுங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எதை அவங்களுக்குக் குடுக்கறது, எதை நாங்க வெச்சுக்கறது? மக கேப்பா. எனக்குப் பிரிக்கத் தெரியலை.”

சாமி தொடைச்ச எலைய அடுக்கி ஓரத்தைச் சமம் பண்ணிக்கிட்டு இருந்தாரு.

போன் அடிச்சுச்சு.

“எடுத்துரச் சொன்னேனே,” அப்படின்னு சென்னியப்பன் குனிஞ்சு பாத்தாரு. கையில எடுத்தாரு. மறுபடி பாத்தாரு.

“நம்ம வாட்ச்மேனுங்க சாமி. வேந்தனுக்கு வந்தது இல்லை. நேரா எனக்கே கூப்பிடறாரு.” போன் கையில அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. “இத்தனை வருசத்துல அவரு எனக்குக் கூப்பிட்டதே இல்லீங்க.”

“இப்படி நேரா உங்களுக்கு வர்ற போனைத் தவிர மத்த எல்லாத்தையும் குடுத்துருங்க,” அப்படின்னாரு சாமி.

உள்ள இருந்து ராசாமணியம்மா கொரலு வந்துச்சு. “சாமி! ஆளுங்க உக்காந்தாச்சு, எலை எங்கங்க?”

சாமி எலைக் கட்டைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டாரு.